மழைக்கு ஒரு தையல், வெயிலுக்கு ஒரு தையல்

கண்டிப் பக்கம் குடிவந்து நான் முதலில் கற்றுக்கொண்டது, ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது என்பதைத்தான். திருப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஊசி துருப்பிடிக்கும் என்றே தெரியாது. அங்கே ஊசி வளையும், உடையும், தொலைந்துபோய்க் காலில் ஏறும். துருப்பிடிக்கக் காற்றில் ஈரம் வேண்டுமே! இங்கே ஆனி மாதத் தூறலில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஊசியைச் செருகிவிட்டு எழுந்தேன். விருந்தாளி வந்தார்கள், மாதா கோயிலுக்குப் போனோம், அப்படியே விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை இழுத்தால் ஊசி வரமாட்டேன் என்றது. பிடுங்கி எடுத்த இடத்தில் தேநீர் சொட்டியது போல ஒரு பழுப்புப் புள்ளி. எத்தனை சவுக்காரம் போட்டும் அது போகவில்லை. சோப்பு என்று எழுதவேண்டிய இடத்தில் சவுக்காரம் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அடித்துத் திருத்தப்போவதில்லை. இருக்கட்டும்.

இந்த ஊரில் பனிக்காலம், வேனிற்காலம் என்று பெரிய மாற்றமெல்லாம் கிடையாது, எப்போதும் பச்சைதான் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். கையால் தைத்துப் பார்த்தால் தெரியும், எத்தனை பருவம் இருக்கிறதென்று. தை, மாசியில் காலையில் பனி, மதியத்தில் காய்ந்த வெயில். பஞ்சு வைத்துத் தைக்கிற கனமான போர்வையை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார அதுதான் காலம். பங்குனி, சித்திரையில் கண்டியும் புழுங்கும். அப்போது போர்வை மடியில் கிடந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது போலிருக்கும். சின்ன வளையத்தில் மெல்லிய துணியை மாட்டி எம்ப்ராய்டரிதான் போடலாம். வைகாசியில் மழை இறங்கிவிட்டால் துவைத்தது காயாது. ஆகவே துவைக்கத் தேவையில்லாத வேலையாக, துண்டுகளை வெட்டி வெட்டி இணைப்பது. பெரஹெரா என்கிற யானை ஊர்வலத் திருவிழா நடக்கிற ஆடி, ஆவணியில் வீடு நிறைய விருந்தாளிகள். பஸ்ஸிலும் வரிசையிலும் நின்றபடி தைக்கக் கைப்பையில் அடங்கும் துண்டுகள். ஐப்பசியில் தினமும் மதியத்துக்கு மேல் இடி, மின்சாரம் போய்விடும். சமையல் முடிந்த கையோடு ஜன்னலோரம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம் என்று நினைத்தால் எதுவும் முடியாது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு வேலை ஓடிக்கொண்டிருக்கும். வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பையை எடுப்பது என்று முடிவு செய்வேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடித்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. இலங்கையிலிருந்து ஓர் ஆடைத் தொழிற்சாலைக்காகத் துணி பார்க்க வந்த அன்டன், நான் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் என்னிடம் பேசத் தொடங்கியதாக இன்றும் சொல்கிறார். பேச்சு வளர்ந்து, இரண்டு வீட்டுக் கோபமும் ஆறி, கல்யாணம் முடிந்து, பிலிமத்தலாவையில் மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறுகிற ஒரு சரிவில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் அவரும் அவர் அம்மாவும்தான். அத்தையை ஊரே பிலோமினா டீச்சர் என்றுதான் அழைக்கும். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். முதல் நாள் வாசலில் என்னைக் கண்டதும், "வாங்க மகள், கதிரையில இருங்க" என்றார். என் காதில் அது குதிரை என்று விழுந்தது. எதற்காகக் குதிரையின் மேல் காத்திருக்கச் சொல்கிறார் என்று விழித்துக்கொண்டு நின்றேன். அன்டன்தான் நாற்காலியைக் காட்டினார். அந்த "மகள்" மட்டும் நெஞ்சில் இறங்கிவிட்டது. வந்த அன்றே மாமியார் மகளே என்கிறார் என்று அம்மாவுக்குப் போன் செய்து பெருமைப்பட்டேன். அடுத்த வாரம் மீன்காரர் மனைவியையும் பஸ்ஸில் இடம் கொடுத்த பெண்ணையும் அத்தை மகள் என்றுதான் அழைத்தார்.

எனக்குக் கிடைத்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. பத்து வருடம் நிற்காமல் ஓடிய கைகள் சும்மா கிடந்தன. சமைப்பேன், பெருக்குவேன், பிறகு மலையைப் பார்ப்பேன். எவ்வளவு நேரம்தான் மலையைப் பார்ப்பது? ஒரு நாள் போனில், பனி பெய்கிற நாட்டில் ஒரு பெண் துணித் துண்டுகளைச் சேர்த்துக் கையாலேயே போர்வை தைப்பதைக் கண்டேன். மேலே துண்டுகள் சேர்த்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பொடித் தையலாக ஓட்டி ஓட்டிக் கோலம் போல நிரப்புகிறாள். குயில்ட் என்று அதற்குப் பெயர். அம்மாவிடம் சொன்னபோது, "குயிலா? குயில் படம் போட்ட போர்வையா கண்ணு?" என்று கேட்டாள். கலகெதரவில் ஒரு கடையில் தைத்து மிஞ்சிய துண்டுகளை நிறுத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். மாதக்கணக்கில் தைத்தேன். என் வேலைக்கு நானே செக்கிங். பாதியைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

அந்த முதல் போர்வை தை மாதத்தில் முடிந்தது. துவைத்து, வீட்டின் முன்பக்கக் கொடியில் விரித்தேன். சிவப்பும் மஞ்சளும் பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாக வெயிலில் அது ஜொலித்தது. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் கொடி காலி. தேடியபோது பின்னறை அலுமாரியின் அடித்தட்டில், நாலாக மடித்து உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"அத்தை, போர்வைய நீங்க எடுத்தீங்களா?"

"ஓ. காஞ்சிருச்சேன்னு எடுத்தேன்."

"இன்னும் ஈரமாத்தானுங்க இருக்குது."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னுக்குப் போடுங்க மகள். முன்னுக்கு வேணாம். ரோட்டால போற ஆளுங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமேங்க. நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்கா? டீச்சர் வீட்டுல போர்வை வாங்க வழி இல்லாம ஒட்டுப்போட்டுக்கிறாங்கன்னு சொல்லுவாங்க."

மறுநாள் பின்பக்கக் கொடியில் அதை விரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக் குசும் அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சிங்களப் பெண்மணி. வீட்டிலேயே மெஷின் வைத்துச் சேலை ஜாக்கெட் தைப்பவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அன்று போர்வையைக் கையால் காட்டி, "நங்கி, மே ரெதி கேலி மொகட்டத?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நங்கி என்றால் தங்கை என்பது தெரியும். மிச்சத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் கேலி. முகம் சுருங்கிப்போய் உள்ளே வந்துவிட்டேன். வீட்டுக்குள்ளும் பிடிக்கவில்லை, வேலிக்கு அப்பாலும் கேலி. அன்டனிடம் சொல்லி அழுதேன். "அம்மாவுக்கும் உனக்கும் நடுவுல நான்தான் பஞ்சு. என்னைய வச்சுத் தைச்சிராத" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. ஆனாலும் அதன் பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தைத்தேன். காலடிச் சத்தம் கேட்டால் துணியைத் தலையணைக்கு அடியில் தள்ளுவேன். தப்புக் காரியம் செய்கிறவள் மாதிரி.

பங்குனியில் ஒரு நாள் காலை கேட்டைத் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் குசும் அக்கா, இடுப்பில் ஒரு சாக்கு மூட்டையோடு. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "நங்கி, கேலி! கொடக் கேலி!" என்றார். வாசல் தேடி வந்தா கேலி செய்வது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதவை மூடப்போனேன். குரல் கேட்டு அத்தை வெளியே வந்தார். அத்தைக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். அத்தையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போயிற்று.

"என்ன சொல்றாங்க அத்தை?"

"துண்டாம்."

"என்னதுங்க?"

"கேலின்னா சிங்களத்துல துண்டு மகள். ரெதி கேலின்னா துணித்துண்டு, கொடக் கேலின்னா நிறையத் துண்டு. நீங்க துண்டு சேர்த்துத் தைக்கிறதைக் கண்டு அவங்களுக்கு ஆசையாப் போச்சாம். ஜாக்கெட் வெட்டி மிஞ்சுற துண்டை எல்லாம் குப்பையில போடாம உங்களுக்குன்னு சேர்த்து வச்சாங்களாம்." துண்டு என்ற பேச்சே பிடிக்காத அத்தை, அந்தச் சொல்லை அத்தனை தடவை தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. மூட்டையையும் அவர்தான் வாங்கினார், இரண்டு விரலால் பிடித்து.

இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் நான் வளர்த்த கோபம் ஒரு நொடியில் அசட்டுச் சிரிப்பாக முடிந்தது. குசும் அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஒளித்துவைத்த எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். அவர் ஒவ்வொரு தையலாக விரலால் தடவி, "லஸ்ஸனய், லஸ்ஸனய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழகு என்று அர்த்தம். அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. புறப்படும்போது, கார்த்திகையில் தன் மகள் தினூஷாவுக்குக் கல்யாணம், மணப்பெண் ஜாக்கெட்டின் கைகளில் நான் எம்ப்ராய்டரி போட்டுத்தர முடியுமா என்று அத்தை மூலமாகக் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். கார்த்திகைக்கு எவ்வளவோ நாள் கிடந்தது.

சித்திரை விடுமுறையில் அத்தையோடு மடுல்கெல்லவுக்குப் போனேன். அத்தை அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தம்பி குடும்பம் இன்னும் அங்கேதான், சொந்தமாகச் சின்ன வீடு கட்டிக்கொண்டு. வத்தேகம தாண்டிப் பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. சாப்பாடு முடிந்ததும் அத்தை, "வாங்க, நடந்திட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கினார். வரிசையாகத் தகரக் கூரை போட்ட, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்றின் கடைசி அறைக்கு முன்னால் நின்றார். கதவு பூட்டியிருந்தது.

"இந்த ஒரு காம்பராவுலதான் நாங்க அத்தனை பேரும் இருந்தோம்."

கதவைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னார். "எங்கம்மா பழைய சீலை, அப்பாவோட கிழிஞ்ச காற்சட்டை, மா மூட்டைத் துணின்னு கையில கிடைச்சதை எல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைச்சாங்க. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். மழைக் காலத்துல அது காயவே காயாது. ஈரத்தோட போர்த்திக்குவோம். காலையில எங்க மேல எல்லாம் அந்த வாடை. பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல இருந்த புள்ள மூக்கைப் பொத்திட்டுத் தள்ளி இருந்துச்சு. டீச்சரும் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல."

"அத்தை..."

"வேலை கிடைச்சு முதல் சம்பளத்துல கண்டி டவுனுக்குப் போயி ஒரு போர்வை வாங்கினேன் மகள். ஒரே துணி. ஒரு ஒட்டு இல்ல. அதைக் கொண்டாந்து விரிச்சப்ப எங்கம்மா அதுல கை வைக்கவே பயந்தாங்க." என் பக்கம் திரும்பி, "உங்க வேலைய நான் குறை சொல்லல. எனக்கு அதைக் கண்ணால பார்க்க ஏலாம இருக்கு. அவ்வளவுதான்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை தூங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். திருப்பூரில் துணித் துண்டுகள் மலையாகக் குவிந்து கிடக்கும். சின்ன வயதில் அதன் மேல் ஏறிக் குதித்து விளையாடியவர்கள் நாங்கள். எனக்குத் துண்டு என்றால் விளையாட்டு, மிச்சம், இஷ்டத்துக்கு அள்ளலாம். நிறத்துக்கு நிறம் பொருத்தி, நின்று பார்த்து ரசிக்கிறேன் என்றால், அதைப் போர்த்தித்தான் ஆகவேண்டும் என்ற நிலை எனக்கு ஒரு நாளும் வராததால்தான். கடலைத் தாண்டி வந்தவள் நான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. மடுல்கெல்லவிலிருந்து பிலிமத்தலாவைக்குப் பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது. ஆனால் அந்த அறையிலிருந்து அந்த வீட்டுக்கு அத்தை வந்த தூரம் எனக்குத் தெரியாத தூரம். அவர் முன்னால் ஒட்டுப் போர்வையைக் கொடியில் விரித்துக் காட்டியிருக்கிறேன்.

அதற்காகத் தைப்பதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் வத்தேகமவில் நின்றபோதுதான் ஒன்று தோன்றியது. போர்வைக்கு அழகு துண்டுகளால் மட்டும் வருவதில்லையே. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுகிற தையல்தானே உயிர். ஒட்டே இல்லாமல், அகலமான ஒரே துணியில், வெறும் தையலாலேயே கோலம் போட்டால் என்ன? அதை அத்தைக்குத் தைப்பது என்று முடிவு செய்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, அன்டனிடம்கூட. அவர் வாயில் எதுவும் தங்காது.

வைகாசியில் திருப்பூரிலிருந்து என் தங்கை சுமதி போன் செய்தாள். அவள் உண்டாகியிருக்கிறாள். மார்கழியில் குழந்தை. "பாப்பாவுக்கு நீ தைக்கிற அந்தத் துண்டுப் போர்வை வேணும்க்கா, கடையில வாங்குறது வேணாம்" என்றாள். ஆக, தினூஷாவின் ஜாக்கெட், சுமதியின் குழந்தைக்குத் துண்டுப் போர்வை, அத்தைக்கு ஒட்டில்லாத போர்வை. மூன்றையும் பருவத்துக்குப் பங்கு போட்டேன். வைகாசி மழையில் குசும் அக்காவின் மூட்டையைக் கொட்டிக் குழந்தைப் போர்வைக்கு அறுகோணத் துண்டுகள் வெட்டினேன். பெரஹெரா பார்க்க அன்டனின் உறவுக்காரர்கள் வந்து தங்கியபோது அவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தெருவோரம் பாய் விரித்து இடம்பிடித்துக் காத்திருந்த நேரத்திலெல்லாம் தைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிங்கள அம்மா தன் பங்குக்கு ஒரு துண்டை வாங்கித் தைத்துக்கொடுத்தார். யானை வந்ததும் ஊசியோடு அதைத் திருப்பித் தந்துவிட்டுக் கும்பிட்டார். அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

புரட்டாசியில் கண்டி டவுனில் கருநீலத்தில் அகலமான பருத்தித் துணி வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துத் தையற்காரர் சாக்கட்டியால் கோடு போடத் தொடங்கினேன். துணி முழுவதும் சாய்சதுரம் சாய்சதுரமாக வர வேண்டும். கருநீலத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அந்த வழியாகத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு போன அத்தை நின்றார். மறுபடி நடந்தார். மறுபடி திரும்பி வந்து நின்றார்.

"இது என்ன?"

"சாய்சதுரம்ங்க அத்தை."

"இதுவா? சாய்சதுரம்னா நாலு பக்கமும் சமமா இருக்கணும். இது பட்டம் மாதிரி இருக்கு. அளக்காமத்தானே போட்டீங்க?"

"கண்ணால பார்த்துப் போட்டேனுங்க."

"கண்ணால!" கோப்பையைக் கீழே வைத்தார். "யாருக்கு இது?"

"தெரிஞ்ச ஒருத்தருக்குங்க. அவங்களும் டீச்சர்."

"டீச்சருக்கா? அப்ப இப்படிக் கோணலாக் குடுக்கவே கூடாது. பார்த்த உடனே கண்டுபிடிச்சிருவாங்க."

அலுமாரியைத் திறந்து, பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோது கையோடு கொண்டுவந்த கோடு போடுகிற நீளமான மர அடிமட்டத்தையும், கரும்பலகையில் வட்டம் போடுகிற மரக் கவராயத்தையும் எடுத்து வந்தார். என் கோட்டை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, துணியின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வட்டம், வட்டத்துக்குள் இதழ், வெளியே சாய்சதுரங்கள் என்று போட்டுக்கொண்டே போனார். துணி என்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். முகத்தில் அப்படி ஒரு களை. "இந்தப் பக்கம் பிடிங்க மகள். ஆடாதீங்க. ஆடினா கோடு ஆடும்."

ஐப்பசி ஈரக் காற்றில் சாக்கட்டிக் கோடு நிற்கவில்லை. ஒரு மூலையைத் தைத்து முடிப்பதற்குள் மறு மூலை மங்கிவிடும். மடித்து விரித்தாலே பாதி போய்விடும். எனக்கு அழுகை வராத குறை. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. "அழிஞ்சா என்ன, மறுபடி போடுவோம். காலம் பூரா அதைத்தானே செஞ்சேன்" என்று சொல்லி, தினமும் காலையில் அன்றைக்குத் தைக்கிற அளவுக்கு மட்டும் கோடு போட்டுக்கொடுத்தார். அந்தக் கோட்டின் மேலேயே என் ஊசி போகும். யாருக்கு என்று அதன் பிறகு கேட்கவில்லை. "அந்த டீச்சர் குடுத்து வச்சவங்க" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். நான் நூல் கோப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கார்த்திகை வந்தே விட்டது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, ஜாக்கெட்டின் ஒரு கை மட்டுமே முடிந்திருந்தது. வெள்ளிச் சரிகை நூலில் கொடியும் பூவும். இழை இழையாகத்தான் நகரும். அன்று மதியம் மேகம் இறங்கி வீடு இருட்டிவிட்டது, மின்சாரமும் இல்லை. குசும் அக்கா கலங்கிய முகத்தோடு வந்து நின்றார். அத்தைதான் நிலைமையைக் கையில் எடுத்தார். எங்கள் இருவரையும் கதிரையோடு வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருத்தினார். எனக்கு மேல் பாதி, குசும் அக்காவுக்குக் கீழ்ப் பாதி என்று சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பிரித்துச் சொன்னார். சாரல் அடித்தபோது குடையை விரித்து எங்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார், பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்கிறவர் போல. பேச வாயெடுத்தால், "தைங்க, தைங்க." ஒரே கையில் இரண்டு பேர் தைத்துக்கொண்டிருந்ததால் ஆளுக்காள் குத்திக்கொண்டோம். மறுநாள் மதியம் ஜாக்கெட் முடிந்தது. இரண்டு கையும் ஒன்றுபோல் இல்லை. இடது கைக் கொடி ஒல்லியாகவும் வலது கைக் கொடி கொஞ்சம் சதை வைத்தும் இருந்தது. கல்யாணத்தில் அதை எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தினூஷா கையைத் தூக்கும்போதெல்லாம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, கொடுத்துவிடலாம் என்று நினைத்த அத்தையின் போர்வை நத்தாருக்கு முடியவில்லை. சுமதிக்கு மார்கழி நடுவில் பெண் குழந்தை பிறந்தது, அவளுடையதும் முடியவில்லை. ஒரு வாரம் இதை, ஒரு வாரம் அதை என்று தைத்து, தை பிறந்து பனி நன்றாக இறங்கிய பிறகுதான் கருநீலத்தின் கடைசி ஓரத்தை மடித்துத் தைத்தேன். துவைத்துச் சாக்கட்டித் தூள் எல்லாம் போனதும் கோடு இருந்த இடமெல்லாம் தையல் மட்டும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தையின் கையில் கொடுத்தேன்.

"என்ன, அந்த டீச்சர் வேணாம்னுட்டாங்களா?"

"அந்த டீச்சர் நீங்கதானுங்க அத்தை."

அத்தை கதிரையில் உட்கார்ந்து, போர்வையை விரித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் தடவினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஒட்டு இல்லீங்க அத்தை. ரெண்டு பக்கமும் ஒரே துணி."

தலையை மட்டும் ஆட்டினார். அன்டன் வாசலில் நின்று, வாயைத் திறக்காமல், அதிசயமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இந்தக் கோடு கோணல் மகள்."

"அது நீங்க போட்ட கோடுங்க."

"நானா? இருக்காது." மறுபடி குனிந்து பார்த்தார். "ம். அன்னைக்கு ஆடினீங்க" என்றார்.

ஐந்து மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிற அத்தை, மறுநாள் ஏழு மணியாகியும் அறையை விட்டு வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தள்ளினேன். கழுத்து வரைக்கும் கருநீலத்தைப் போர்த்திக்கொண்டு, கண்ணை விழித்தபடி படுத்திருந்தார். "குளிருது மகள். தேத்தண்ணிய இங்கயே கொண்டாங்க" என்றார். அந்த வீட்டில் அவர் படுக்கையில் தேத்தண்ணீர் குடித்ததை அன்டன்கூட அதுவரை பார்த்ததில்லையாம். துண்டுப் போர்வைகள் விஷயத்தில் அத்தை மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. இன்றைக்கும் அவற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பின்பக்கக் கொடியில்தான் போடுகிறேன். ஆனால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.

சித்திரையில் குழந்தையைப் பார்க்கத் திருப்பூர் போனேன். நாலு மாதத்துக் குழந்தை, அப்போதுதான் குப்புற விழத் தொடங்கியிருந்தது. பெட்டியிலிருந்து துண்டுப் போர்வையை எடுத்ததும் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஏங்கண்ணு, இந்த வேக்காட்டுல பச்சக் கொழந்தைக்குப் போர்வையா? அவிஞ்சு போகுமே!" வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. சுமதி விட்டுக்கொடுக்கவில்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தரையில் அதை விரித்துக் குழந்தையைப் போட்டாள். அது கவிழ்ந்து படுத்து, பெரஹெராத் தெருவில் யாரோ தைத்துக்கொடுத்த அந்த இழுத்துக்கொண்ட துண்டை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடத்திலேயே தரையில் படுத்தோம். மற்றவர்கள் உடனே தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வேர்வையா, புழுக்கமா, பயணக் களைப்பா என்று புரண்டு புரண்டு பார்த்தேன். எதுவோ குறைகிறது. பிறகு, குழந்தையின் பக்கம் போகாத போர்வையின் ஓரத்தை மெல்ல இழுத்து என் பாதத்தின் மேல் போட்டுக்கொண்டேன். அம்மா அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்தாள். எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள்.

"காய்ச்சலா கண்ணு?"

"இல்லம்மா. மேல ஏதாவது இருந்தாத்தான் தூக்கம் வருது."

"அப்பறம் எதுக்கு ஃபேன்? நிறுத்திப் போடட்டா?"

"ஐயோ வேண்டாம்மா. ஃபேன் இல்லாம வெந்து போயிருவேன்."

அம்மா என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தலைக்கு மேல் திருப்பூர்க் காற்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் கண்டிக் குளிருக்குப் பழகிய கதகதப்பில் கிடந்தன. அப்படியே, குழந்தைக்குப் பக்கத்தில், தூங்கிப்போனேன்.